பூல் கற்பவர்கள் சைடு போடலாமா? முழுமையான வழிகாட்டி

பூல் ஆட ஆரம்பித்த சில வாரங்களிலேயே எல்லோருக்கும் வரும் ஆசை, வெள்ளைப் பந்தின் நடுவை விட்டு இடமோ வலமோ ஓரத்தில் அடித்து அதைச் சுழலவிட்டுப் பார்ப்பது. இதைத்தான் சைடு போடுவது என்கிறோம். பக்கத்து டேபிளில் யாரோ ஒருவர் அப்படி அடித்திருப்பார். குஷனில் (டேபிளின் ரப்பர் விளிம்பில்) பட்ட வெள்ளை எதிர்பாராத பக்கம் திரும்பி ஓடி, அடுத்த பந்துக்கு நேராக வந்து நின்றிருக்கும். நாமும் அதே மாதிரி அடிப்போம், வெள்ளையால் குழியில் தள்ள வேண்டிய கலர் பந்து குழிக்குப் பக்கத்தில்கூடப் போகாது.

அனுபவசாலிகளிடம் கேட்டால் இரண்டு விதமான பதில் வரும். "ஒரு வருஷத்துக்கு நடுவை விட்டு நகராதே" என்பார் ஒருவர். "சைடு இல்லாமல் பொசிஷன் ஆடவே (அடுத்த பந்துக்கு வசதியாக வெள்ளையை நிறுத்தவே) முடியாது, இப்போதே பழகு" என்பார் இன்னொருவர். என் பதில் இது: சைடு விழாமல் அடிக்க வந்துவிட்டால், அடுத்த நாளே சைடு பழக ஆரம்பிக்கலாம். அதற்கு மூன்று வாரம் ஆனாலும் சரி, ஆறு மாதம் ஆனாலும் சரி. நான் பார்த்தவரை, புதிதாக ஆடுபவர்கள் தவறவிடும் எளிய பாட்களில் (பந்தைக் குழியில் போடும் அடிகளில்) பெரும்பாலானவை அவர்களுக்கே தெரியாமல் விழும் சைடால்தான் தவறுகின்றன. அந்தத் தெரியாத சைடை எடுக்காமல் அதன்மேல் தெரிந்த சைடைச் சேர்த்தால், எது எதனால் தவறியது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

கீழே சொல்வதெல்லாம் 9 அடி பூல் டேபிளை மனதில் வைத்துச் சொல்வது. 8 அடி, 7 அடி டேபிளுக்கும் பொருந்தும். சில பார்லர்களில் ஸ்னூக்கர் துணி போட்ட டேபிளிலேயே பூல் ஆடுவார்கள். அந்தத் துணிக்கு மயிரிழை உண்டு. சைடு போட்டு மெதுவாக அடித்த பந்தை அது தன் போக்கில் இழுக்கும். பழகுவதற்கு, மயிரிழை இல்லாத வழவழப்பான பூல் துணி போட்ட டேபிளாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சைடு போட்டால் என்னதான் நடக்கிறது?

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடலாம். ரைட் சைடு போட்டால் (வெள்ளையின் வலப்பக்கம் அடித்தால்), கலர் பந்தில் மோதியதும் வெள்ளை வலப்பக்கமாகத் திரும்பி ஓடும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி ஓடாது. இரண்டு பந்துகளும் வழுக்கும் பரப்பு கொண்டவை, அவை ஒன்றையொன்று தொட்டிருக்கும் நேரமும் மிகக் குறைவு. மோதிய பிறகு வெள்ளை எந்தப் பக்கம் போகும் என்பதைத் தீர்மானிப்பது, கலர் பந்தின் எவ்வளவு பங்கில் மோதியது, மோதும்போது அது முன்னோக்கி உருண்டதா பின்னோக்கிச் சுழன்றதா என்பவைதான். சைடு தன் வேலையைக் காட்டும் இடம் குஷன்.

குஷனின் ரப்பரையும் துணியையும் சுழலும் பந்து பிடித்துக்கொள்ளும். ரைட் சைடு போட்ட பந்து நேராகப் போய்க் குஷனில் மோதினால், நமக்கு வலப்பக்கமாகத் திரும்பி வரும். சாய்வாக மோதும்போது இரண்டு நிலை உண்டு. பந்து போகும் திசைக்கே சுழற்சி துணை நின்றால் அது ரன்னிங் சைடு: திரும்பும் கோணம் விரியும், வேகமும் கூடுதலாக மிஞ்சும். சுழற்சி எதிர்த்து நின்றால் செக் சைடு: கோணம் சுருங்கும், பந்து அடங்கிப் போகும். சைடால் நமக்குக் கிடைக்கும் பெரிய லாபம் இதுதான்.

இந்த லாபத்துக்கு மூன்று விலை கொடுக்க வேண்டும்.

ஒன்று, டிஃப்ளெக்‌ஷன். ரைட் சைடு அடித்தால் வெள்ளை கிளம்பும்போதே சற்று இடப்பக்கம் விலகும். டிப் (க்யூ என்னும் அடிகோலின் நுனியிலுள்ள தோல்) பந்தைத் தொட்டிருக்கும் நேரம் ஒரு நொடியில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் பந்து சுழலத் தொடங்கி க்யூவின் முனையைப் பக்கவாட்டில் தள்ளுகிறது, முனையின் எடை பந்தை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. சாதாரண க்யூவில் முழு சைடு போட்டால் விலகல் சுமார் 2 டிகிரி வரும். கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் 1 மீட்டர் தூரத்தில் அது 3.5 செ.மீ. பந்தின் விட்டமே 5.7 செ.மீ.தான்! நேரான பாட் என்று குறிவைத்தவர், கலர் பந்தின் பாதிக்கும் மேல் விலகி மோதுவார்.

இரண்டு, ஸ்வர்வ். குஷனின் உயரத்தைத் தாண்டி அடிக்க வேண்டியிருப்பதால் க்யூவின் பின்பக்கம் எப்போதுமே சற்றுத் தூக்கியிருக்கும். அதனால் சைடு போட்ட பந்து நேர்கோட்டில் போகாமல், சைடு போட்ட பக்கமாகவே வளையும். ரைட் சைடு என்றால் முதலில் இடப்பக்கம் விலகல், அப்புறம் வலப்பக்கம் வளைவு. மெதுவாக அடித்தால் வளைவு சீக்கிரமே வந்துவிடும். வேகமாக அடித்தால் வளைவதற்குள் வெள்ளை கலர் பந்தைச் சேர்ந்துவிடும். அதாவது ஒரே பாட்டை ஒரே சைடில் மெதுவாக அடிக்க ஒரு குறி, வேகமாக அடிக்க வேறு குறி.

மூன்று, த்ரோ. சைடோடு வரும் வெள்ளை, கலர் பந்தைத் தொடும் கணத்தில் அதைச் சற்றுப் பக்கவாட்டில் இழுத்துவிடும். ரைட் சைடு கலர் பந்தை இடப்பக்கம் தள்ளும். லெஃப்ட் சைடு வலப்பக்கம். வெள்ளையை இந்த உரசல் அவ்வளவாகத் திருப்பாது, ஆனால் குழியைத் தவறவிட வைக்க அது போதும். மெதுவான அடியிலும் அழுக்கான பந்திலும் த்ரோ அதிகம். 3 டிகிரி விலகினால் 1 மீட்டரில் 5 செ.மீ. தள்ளிப் போகும். கார்னர் பாக்கெட்டின் வாய் சுமார் 11.5 செ.மீ., அதாவது இரண்டு பந்து அகலம். நடுவுக்குக் குறிவைத்தாலும் ஒரு பக்கத்துக்கு 3 செ.மீ.கூட இடம் கிடையாது.

இந்த மூன்றும் தூரம், வேகம், க்யூ, பந்தின் சுத்தம் எல்லாவற்றையும் பொறுத்து மாறும். "சைடு பக்கமே போகாதே" என்று பெரியவர்கள் சொல்வதற்கு இதுதான் காரணம், அதில் நியாயமும் இருக்கிறது. சுழலும் பூமியில் காற்றும் கடலும் திசை விலகுவதை விளக்கும் கோரியாலிஸ் விசைக்குப் பெயர் தந்த பிரெஞ்சு விஞ்ஞானி கஸ்பார் குஸ்தாவ் தெ கோரியாலிஸ், 1835-ல் பில்லியர்ட்ஸ் பந்துகளின் ஓட்டத்தைப் பற்றி மட்டுமே ஒரு முழுக் கணித நூல் எழுதினார். அவ்வளவு விஷயம் இந்தச் சின்னப் பந்துக்குள் இருக்கிறது. அதனால் பாட்டையும் சைடையும் ஒரே நாளில் பிடிக்கப் பார்க்காமல், ஒவ்வொன்றாகப் பிரித்துப் பழக வேண்டும்.

படி 1: தெரியாமல் விழும் சைடைக் கண்டுபிடியுங்கள்

வெள்ளையை எடுத்து ஓரமாக வையுங்கள். அதற்குப் பதில் 9 முதல் 15 வரை எண்ணுள்ள, பட்டை போட்ட ஸ்ட்ரைப் பந்து ஒன்றை எடுத்து நன்றாகத் துடையுங்கள். பிரேக் (ஆட்டத்தின் முதல் அடி) அடிக்கும் பக்கத்தில், டேபிளின் நடுக்கோட்டில் வையுங்கள். ஸ்ட்ரைப் செங்குத்தாக நிற்க வேண்டும், எதிர்க் குஷன் கட்டையில் பதித்த அடையாளப் புள்ளிகளில் நடுவில் உள்ளதை, அதாவது நடு டைமண்டை, நோக்கி இருக்க வேண்டும். டிப்பில் சாக் (வழுக்காமல் இருக்கப் பூசும் தூள்கட்டி) போட்டு, பந்தின் மையத்துக்குச் சற்று மேலே, நடுத்தர வேகத்தில் அடியுங்கள்.

இப்போது பந்தை மட்டும் பாருங்கள். நடுவில் அடித்திருந்தால் ஸ்ட்ரைப் சைக்கிள் சக்கரம் போல ஆடாமல் உருளும். ஓரத்தில் பட்டிருந்தால் உடனே தள்ளாடும். பாதி டேபிள் போவதற்குள் ஸ்ட்ரைப் சரிந்து சுற்றுவது கண்ணுக்கே தெரியும். எதிர்க் குஷனில் பட்டு வரும்போது அடித்த கோட்டிலேயே திரும்பி வந்தால் சைடு இல்லை என்று அர்த்தம். வலப்பக்கம் விலகி வந்தால் நீங்கள் ரைட் சைடு போட்டிருக்கிறீர்கள்.

இன்னும் நெருங்கிப் பார்க்க ஒரு வழி உண்டு. பந்தின் எண் பொறித்த வட்டம் உங்களை நோக்கியபடி வைத்து, அந்த எண்ணின் நடுவில் அடியுங்கள். பந்து நின்றதும் எடுத்துப் பாருங்கள். டிப் பட்ட இடத்தில் நீலமாக ஒரு சாக் புள்ளி ஒட்டியிருக்கும். நடுவில் அடித்ததாக நீங்கள் சத்தியம் செய்யத் தயாராக இருந்த அடி, எண்ணுக்கு 5 மி.மீ. வலப்பக்கம் பட்டிருப்பதை அந்தப் புள்ளி காட்டும். இதைவிட நேர்மையான கோச் கிடையாது. புள்ளியைத் துடைத்துவிட்டு அடுத்த அடி.

புள்ளி எப்போதும் ஒரே பக்கம் விழுந்தால் கோளாறு நிற்கும் விதத்திலோ பார்வையிலோ இருக்கிறது. முகம் க்யூவுக்கு நேர் மேலே இல்லாமல் ஒரு பக்கம் தள்ளியிருந்தால், பந்தின் நடு எது என்பதையே கண் தப்பாகச் சொல்லும். தாடையைச் சற்று இடமாகவோ வலமாகவோ நகர்த்தி அடித்துப் பாருங்கள், புள்ளி நடுவுக்கு வரும் நிலை எதுவோ அதுதான் உங்கள் நிலை. புள்ளி இங்கும் அங்கும் மாறி மாறி விழுந்தால் ஸ்ட்ரோக்கில் பிரச்சினை: அடிக்கும் நேரத்தில் பிடி இறுகுகிறது, அல்லது முழங்கை வெளியே போகிறது, அல்லது பந்து போவதைப் பார்க்கும் ஆசையில் தலை முன்கூட்டியே எழுகிறது.

பத்தில் எட்டு முறை ஸ்ட்ரைப் தள்ளாடாமல் போய், பந்து உங்கள் டிப்புக்கு இரண்டு பக்கமும் ஒரு பந்து அகலத்துக்குள் திரும்பி வந்தால் பரிசோதனையில் தேறிவிட்டீர்கள். அதுவரை சைடு வேண்டாம். இந்தப் படியில் அவசரப்படாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இதில் செலவிடும் நேரம் சைடுக்கு மட்டுமல்ல, உங்கள் எல்லா பாட்களுக்கும் பயன்படும்.

படி 2: நடுக்கோட்டில் மேலும் கீழும்

சைடுக்கு முன் ஸ்டன், ஃபாலோ (மோதிய பின்னும் வெள்ளை முன்னே போவது), ஸ்க்ரூ (மோதியதும் வெள்ளை பின்னே வருவது) மூன்றும் கைவர வேண்டும். மூன்றுமே பந்தின் செங்குத்து நடுக்கோட்டில் அடிப்பவை. மோதும் நேரத்தில் வெள்ளை முன்னும் பின்னும் சுழலாமல் சறுக்கிக்கொண்டு வந்தால் அது ஸ்டன். கலர் பந்து போகும் கோட்டுக்கு 90 டிகிரியில் வெள்ளை விலகும். இயல்பாக உருண்டு வந்து, கலர் பந்தின் கால் பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை எங்கே மோதினாலும், தான் வந்த கோட்டிலிருந்து ஏறக்குறைய 30 டிகிரி விலகும். இந்த இரண்டு கோணங்களையும் கண்ணில் ஏற்றிக்கொண்டால், வெள்ளை எந்த இடத்தில் குஷனில் படும் என்பதை அடிப்பதற்கு முன்பே சொல்லிவிடலாம்.

அதைச் சொல்ல முடியாதவருக்குச் சைடால் பயனில்லை. குஷனில் எங்கே படும் என்றே தெரியாதபோது, பட்ட பிறகு கோணத்தை மாற்றி என்ன செய்வது?

இந்த மூன்றையும் வேகத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு 8 பாலில் நிறைய தூரம் போகலாம். 1954-ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட், ஒகையோவில் வில்லி மொஸ்கோனி இடையில் தவறவிடாமல் 526 பந்துகள் போட்டார். அவர் ஆடிய ஸ்ட்ரெய்ட் பூல், பந்துகளின் வரிசையைச் சரியாகத் தேர்ந்தெடுத்து, வெள்ளையைக் குறைந்த தூரமே நகர்த்தும் ஆட்டம். வெள்ளையைக் குறைவாக நகர்த்தத் தெரிந்தவருக்குச் சைடின் தேவையே குறைந்துவிடும். புதிதாக ஆடுபவர்கள் சைடால் தீர்க்க நினைக்கும் சிக்கல்களில் பாதி, முந்தின பாட்டில் தப்பான பக்கம் வந்து நின்றதால் உண்டானவை.

படி 3: டிப்பும் சாக்கும்

தோல் டிப் வருவதற்கு முன் வெறும் மரமுனையால் பந்தின் நடுவை விட்டு விலகி அடிப்பது ஏறக்குறைய முடியாத காரியம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சின் பிரான்சுவா மங்கோ தோல் டிப்பைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் சைடு ஒரு கலையானது. இப்போது நாம் பயன்படுத்தும் சாக்குக்கு வில்லியம் ஸ்பிங்க்ஸ், வில்லியம் ஹாஸ்கின்ஸ் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1897-ல் காப்புரிமை வாங்கினார்கள். ஆகவே பார்லரில் க்யூ எடுக்கும்போது முதலில் நுனியைப் பாருங்கள். டிப் தட்டையாகிப் பளபளவென்று இருந்தால் அந்த க்யூவில் சைடு பழக வேண்டாம். மேல்பக்கம் வளைவாக, சாக் ஒட்டும்படி சொரசொரப்பாக இருக்க வேண்டும். சாக்கை டிப்பின் மேல் திருகித் துளைக்காமல், ஓரங்களில் படும்படி இலேசாகப் பூசுங்கள். சைடு போடும் ஒவ்வொரு அடிக்கு முன்பும் பூசுங்கள்.

ஓரம் என்றால் எவ்வளவு ஓரம்? டிப் வழுக்காமல் பிடிக்கும் எல்லை, மையத்திலிருந்து பந்தின் ஆரத்தில் பாதி, அதாவது சுமார் 14 மி.மீ. அதைத் தாண்டினால் மிஸ்க்யூ, அதாவது டிப் வழுக்கி அடி கெட்டுவிடும். பந்தின் விளிம்பு வரை போகலாம் என்று நினைப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். ஆரம்பத்தில் நீங்கள் பயன்படுத்த வேண்டியது 7 மி.மீ. வரை மட்டும், அரை சைடு. டிப்பின் அகலமே சுமார் 13 மி.மீ. என்பதால் அரை டிப் நகர்த்தினாலே ஏறக்குறைய இது வந்துவிடும். முழு சைடு தேவைப்படும் நிலைகள் குறைவு, ஆபத்து அதிகம்.

படி 4: வெள்ளை மட்டும், கலர் பந்து வேண்டாம்

பாட் போட வேண்டும் என்ற எண்ணம் இருக்கும்வரை கவனம் முழுக்கக் குழியில்தான் இருக்கும். அதனால் டேபிளைக் காலி செய்துவிட்டு வெள்ளையை மட்டும் வையுங்கள். முதல் படியில் செய்ததைப் போலவே நடு டைமண்டுக்கு அடியுங்கள், இந்த முறை அரை டிப் ரைட் சைடு. வெள்ளை திரும்பி வந்து பக்கக் குஷனில் எந்த டைமண்டுக்கு அருகில் படுகிறது என்று பாருங்கள். 9 அடி டேபிளில் டைமண்டுக்கு டைமண்ட் 12.5 அங்குலம் இடைவெளி, நல்ல அளவுகோல். அதே வேகத்தில் லெஃப்ட் சைடு. பிறகு மெதுவாக ஒரு முறை, வேகமாக ஒரு முறை.

இரண்டு விஷயம் உடனே புரியும். மெதுவாக அடித்தால் திரும்பும் கோணம் அதிகம், வேகமாக அடித்தால் குறைவு. அப்புறம், ரைட்டும் லெஃப்டும் ஒரே அளவு விரிகின்றனவா என்பது. ஒன்று அதிகமாகவும் மற்றது குறைவாகவும் இருந்தால், நீங்கள் நடு என்று நினைக்கும் இடம் இன்னும் நடுவில் இல்லை. திரும்பவும் முதல் படிக்குப் போங்கள்.

க்யூவை எப்படி நகர்த்துவது என்பதில் பலருக்குக் குழப்பம். பிரிட்ஜ் கையை (டேபிளில் ஊன்றி க்யூவைத் தாங்கும் முன்கையை) அப்படியே வைத்துப் பின்கையை மட்டும் நகர்த்திச் சாய்வாக அடிப்பது ஒரு முறை. முழு க்யூவையும் இணையாக நகர்த்தி, பிரிட்ஜையும் சேர்த்து மாற்றுவது இன்னொரு முறை. முதல் முறையில் டிஃப்ளெக்‌ஷன் தானாகவே ஈடாகும் வாய்ப்பு உண்டு. ஆனால் அது பிரிட்ஜின் நீளம் அந்த க்யூவுக்குப் பொருந்தியிருந்தால் மட்டுமே. பழகும் காலத்தில் இரண்டாவது முறையைத்தான் பரிந்துரைப்பேன். கிட்டத்திலிருந்து அடிக்கும்போது டிஃப்ளெக்‌ஷன் பெரிதாகத் தெரியாது, க்யூ நேராகப் போகும் பழக்கமும் கெடாது. இணையாக நகர்ந்து நிற்பதைக் குனிவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். குனிந்த பிறகு டிப்பை மட்டும் ஓரத்துக்கு நகர்த்தினால் உடம்பு ஒரு கோட்டிலும் க்யூ வேறு கோட்டிலும் இருக்கும்.

கடைசி நேரத்தில் மணிக்கட்டைத் திருகிச் சைடு "ஊட்டுவது" என்று ஒரு வித்தை பார்லர்களில் சொல்லித்தரப்படுகிறது. டிப் பந்தைத் தொட்டிருக்கும் அந்த ஆயிரத்தில் ஒரு நொடிக்குள் எந்த மணிக்கட்டும் எதையும் சேர்க்க முடியாது. பந்துக்குத் தெரிவது டிப் எங்கே பட்டது, எந்தத் திசையில், எந்த வேகத்தில் போனது என்பவை மட்டும்தான். திருகினால் பட வேண்டிய இடம் மாறும், அவ்வளவே.

படி 5: குழிக்கு அருகில் ஒரு பந்து

கலர் பந்து ஒன்றைக் கார்னர் பாக்கெட்டிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். வெள்ளை அதிலிருந்து ஓர் அடி தள்ளி, இலேசான கட் (கலர் பந்தின் நடுவில் மோதாமல் ஒரு பக்கமாக மோதிச் சாய்வாக அனுப்பும் அடி) வரும்படி. இவ்வளவு கிட்டத்தில் டிஃப்ளெக்‌ஷன், ஸ்வர்வ், த்ரோ மூன்றும் சேர்ந்தாலும் பாட்டைக் கெடுப்பது கடினம். பாட் விழும் என்ற நிம்மதியோடு வெள்ளை குஷனில் என்ன செய்கிறது என்று கவனிக்கலாம்.

கலர் பந்து இடப்பக்கக் கார்னருக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளை வலப்பக்கமாக விலகி எதிர்க் குஷனில் படும். முதலில் சைடு இல்லாமல் அடித்து, வெள்ளை நின்ற இடத்தில் குஷன் கட்டையின் மேல் ஒரு சாக் துண்டை அடையாளமாக வையுங்கள். அடுத்து அதே நிலை, அதே வேகம், அரை டிப் ரைட் சைடு. இது ரன்னிங் சைடு. வெள்ளை விரிந்து, இன்னும் தூரம் ஓடும். அங்கே இன்னொரு சாக். பிறகு லெஃப்ட் சைடு. குஷனில் பட்டதும் வெள்ளை திடீரென்று நிதானித்து, செங்குத்தாக வெளியே வரும். மூன்றாவது சாக்.

மூன்று துண்டு சாக்கும் டேபிளில் கிடக்கும்போது நின்று பாருங்கள். ஒரே பாட், ஒரே வேகம், மூன்று வெவ்வேறு முடிவுகள். சைடு எதற்கு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. இந்தப் பயிற்சியைக் கலர் பந்தின் இடத்தைச் சற்றே மாற்றி மாற்றிச் செய்யுங்கள். எனக்கு இதில் அலுப்பே வந்ததில்லை. பூலில் நான் மிகவும் ரசிக்கும் பயிற்சி இதுதான்.

இங்கே ஒரு நுட்பம். சைடே இல்லாமல் கட் அடித்தாலும் வெள்ளையின் உரசல் கலர் பந்தைச் சற்று இழுத்து, கட்டின் கோணத்தைக் கொஞ்சம் குறைத்துவிடும். மேலே சொன்ன நிலையில் சிறிதளவு ரைட் சைடு, அதாவது கட்டுக்கு வெளிப்பக்கச் சைடு, அந்த இழுப்பை ஈடுசெய்யும். அதனால் சிலர் எல்லா கட்டுக்கும் வெளிப்பக்கச் சைடு போட்டே பழகிவிடுகிறார்கள். அந்தப் பழக்கம் வேண்டாம் என்பேன். இழுப்பை ஈடுகட்டப் போய் டிஃப்ளெக்‌ஷனை வாங்கி வருவார்கள், கணக்கு தீராது. கலர் பந்தின் ஓரத்துக்கு இன்னும் சற்று நெருங்கிக் குறிவைத்தாலே போதும்.

படி 6: தூரத்தைக் கூட்டுவது

ஓர் அடியில் பத்துக்கு எட்டு விழுந்தால் இரண்டு அடிக்குப் போங்கள், பிறகு மூன்று அடிக்கு. ஒரே வேகத்தை வைத்துக்கொள்ளுங்கள். தூரம் கூடக் கூட ஒரு கட்டத்தில் பாட் தவற ஆரம்பிக்கும். அப்போது "ச்சே" என்று விட்டுவிடாமல் எந்தப் பக்கம் தவறியது என்று பாருங்கள். ரைட் சைடு போட்டு வேகமாக அடித்தபோது வெள்ளை கலர் பந்தில் இடப்பக்கமாகத் தள்ளிப் பட்டால் அது டிஃப்ளெக்‌ஷன். மெதுவாக அடித்தபோது வலப்பக்கம் தள்ளிப் பட்டால் ஸ்வர்வ். சரியான இடத்தில் பட்டும் கலர் பந்து விலகினால் த்ரோ. எது என்று தெரிந்துவிட்டால் குறியை எந்தப் பக்கம் மாற்ற வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

எவ்வளவு மாற்ற வேண்டும் என்பதற்கு எல்லோருக்கும் பொதுவான அட்டவணை கிடையாது, உங்கள் க்யூவோடு நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். அதனால் பார்லர் க்யூவில் ஆடுபவர்கள் ஒவ்வொரு நாளும் வேறு வேறு க்யூ எடுக்கக் கூடாது. ஒன்றை அடையாளம் வைத்துக்கொண்டு அதையே தேடி எடுங்கள்.

படி 7: ஆட்டத்தில் எப்போது, எப்போது கூடாது

குனிவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்: பாட் அடித்த பிறகு வெள்ளை குஷனைத் தொடுமா? தொடாது என்றால் சைடு வேண்டவே வேண்டாம், அது பாட்டைக் கெடுக்க மட்டுமே உதவும். தொடும் என்றால், வேகத்தை மாற்றியோ சற்று மேலே, கீழே அடித்தோ அதே இடத்துக்குப் போக முடியுமா? முடிந்தால் அதையே செய்யுங்கள். முடியாது, வெள்ளையும் கலர் பந்தும் கிட்டத்தில் இருக்கின்றன, கட் எளிது என்றால், தயங்காமல் அரை டிப் சைடு போடுங்கள்.

நீண்ட பாட்டில் சைடு கூடாது. 8-ஆம் பந்தைப் போட்டால் ஆட்டம் முடிந்தது எனும்போது பொசிஷன் எதற்கு? நடுவில் அடியுங்கள். வெள்ளை குஷனை ஒட்டி நிற்கும்போது மிகவும் கவனமாக இருங்கள். அங்கே க்யூவைத் தூக்கித்தான் அடிக்க முடியும், தூக்கிய க்யூவில் சிறு சைடு பட்டாலும் வெள்ளை பெரிதாக வளையும். புதிதாக ஆடுபவர்கள் குஷனிலிருந்து எளிய பாட்டைத் தவறவிடும்போது நடப்பது பெரும்பாலும் இதுதான். பிரேக்கிலும் சைடு வேண்டாம்.

கலர் பந்து மறைந்திருக்கும்போது குஷன் வழியாகப் போய் அடிக்கும் கிக் ஷாட்டில் சைடு பெரிய துணை. பிலிப்பைன்ஸின் எஃப்ரன் ரேயஸ் 1995-ல் ரீனோ நகரில் ஏர்ல் ஸ்ட்ரிக்லேண்டுக்கு எதிராக, மறைந்திருந்த பந்தை இரண்டு குஷன் தொட்டு இசட் வடிவில் போய்ப் போட்டது இன்றும் பேசப்படும் ஷாட். நான்காம் படியில் டைமண்டுகளை எண்ணிப் பழகியவர்கள் கிக் ஷாட்டை இப்போதே முயன்று பார்க்கலாம். அங்கே சரியான பந்தை முதலில் தொட்டு, அதன் பிறகு ஏதாவது ஒரு பந்து குஷனில் பட்டாலோ குழியில் விழுந்தாலோ ஃபவுல் தப்பும் என்பதால் துல்லியம் கொஞ்சம் குறைந்தாலும் பாதகமில்லை.

சொந்த க்யூ வாங்குவது பற்றி

1994-ல் தொடங்கிய பிரிடேட்டர் நிறுவனம் முனையின் எடையைக் குறைத்த ஷாஃப்டுகளை (க்யூவின் முன்பாதிகளை) பிரபலமாக்கியது. இப்போது பல நிறுவனங்கள் அவற்றைச் செய்கின்றன, கார்பன் ஃபைபரிலும் வருகின்றன. இவற்றில் டிஃப்ளெக்‌ஷன் குறையும், முற்றிலும் போகாது. ஸ்வர்வும் த்ரோவும் அப்படியேதான் இருக்கும். முதல் படியில் தேறாதவருக்கு இந்த க்யூ எந்த உதவியும் செய்யாது. தேறியவர், கையில் பணம் இருந்தால், ஆறாம் படிக்கு வரும் நேரத்தில் வாங்கலாம். அதற்கு முன் நல்ல டிப் உள்ள, நேரான, சாதாரண க்யூ போதும். க்யூ மாற்றினால் நான்காம் படியிலிருந்து மீண்டும் ஆரம்பியுங்கள்: பழைய க்யூவுக்காகக் குறியை மாற்றிப் பழகிய கண், புதியதில் முதல் சில நாள் எதிர்ப்பக்கம் தவறவிடும். பந்துகளைத் துடைத்துக்கொண்டு, வெள்ளையை மட்டும் வைத்து, நடு டைமண்டுக்கு அடித்துப் பார்த்து அந்த க்யூவின் கணக்கைப் புதிதாக எழுதிக்கொள்ளுங்கள்.